பழைய ரோட்டையும் அதோட சுமைதாங்கி, மண்டபம், மைல் கல்லையும் காப்பாத்த நிதி வாங்கறது எப்படி: முழுமையான வழிகாட்டி

முதல்லயே ஒண்ணு சொல்லிப்போடறனுங்க. பணம் கேக்கறது இந்த வேலைல ஏழாவது படிதான். புதுசா வர்றவங்க அதை முதல் படியா வெச்சுக்கறாங்க, நாலு போட்டோவை எடுத்துட்டு நேரா ஒரு மில் ஓனரையோ கலெக்டரையோ பாக்கப் போயிடறாங்க, அவங்களும் நல்லாத்தான் பேசுவாங்க, "பேப்பர் எல்லாம் குடுங்க பாக்கலாம்"னு சொல்லுவாங்க, அங்கயே நின்னுபோயிடும்.

எங்க பக்கம் காங்கேயத்துக்கும் கரூருக்கும் நடுவால, புது ரோட்டை நேராப் போட்டதுல ஒதுங்கிப்போன பழைய ரோட்டுத் துண்டு ஒண்ணு இருக்குது. ரெண்டு பக்கமும் புளியமரம், நடந்து போறவங்க தலைச்சுமையை இறக்கி வெக்கற சுமைதாங்கிக் கல்லு ரெண்டு, ஒரு கல் மண்டபம், ஒரு படிக்கெணறு, ஒரு மைல் கல்லு. அதுக்கு நிதி வாங்கி வேலையை முடிக்க ரெண்டு நிராகரிப்பும் நாலு வருசமும் ஆச்சு. பொறவு பக்கத்து ஊருக்காரங்க ரெண்டு மூணு குழுவுக்கு ஒத்தாசைக்குப் போனப்ப அதே எடத்துலதான் அவங்களும் தடுக்கி விழுந்தாங்க. அதுக்கோசரம் எழுதறது இது.

தொடங்கறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

அஞ்சாறு பேரு போதும், ஆனா அதுல ஒருத்தர் தாலுகா ஆபீசுக்கு அலுத்துக்காம நடக்கறவரா இருக்கோணும், ஒருத்தருக்கு கணக்கு எழுத வரோணும். இதுபோக நல்ல கேமரா இருக்கற போன், 30 மீட்டர் டேப்பு, ஒரு பெரிய நோட்டு. ஆரம்பச் செலவுக்கு உங்க கைக்காசு கொஞ்சம் போகும், அதைத் திருப்பி வாங்கலாம்னு நினைக்காதீங்க, ஏன்னா பெரும்பாலும் ஒப்புதல் தேதிக்கு முன்னாடி செஞ்ச செலவை நிதி குடுக்கறவங்க ஏத்துக்க மாட்டாங்க. செலவு பண்ணின பில்லை மட்டும் பத்திரமா வைங்க, உங்க பங்களிப்புன்னு காட்ட சில எடத்துல உதவும்.

1. ரோட்டை நடந்து பட்டியல் போடுங்க

வண்டில போகாதீங்க. வண்டில போனா மண்டபமும் கெணறும் மட்டுந்தான் கண்ணுல படும். நடந்து போனாத்தான் பாதி மண்ணுக்குள்ள போன மைல் கல்லு, வேலிக்குள்ள சாஞ்சு கெடக்கற நடுகல்லு, பழைய ஓடைப்பாலத்தோட கல் வளைவு எல்லாம் தெரியும். வெயில் சாய்ஞ்ச பொறவு போறது நல்லது, சாஞ்ச வெளிச்சத்துல செதுக்கின எழுத்து நல்லாத் தெரியும்.

ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் போடுங்க. நாலு பக்கமும் போட்டோ, பக்கத்துல அளவுகோல் வெச்சு ஒரு போட்டோ, போன்ல லொக்கேசன், நீளம் அகலம் உசரம், இப்ப எந்த நெலமைல இருக்குன்னு ரெண்டு வரி. அந்த எடத்துல ஆடு மேய்க்கறவங்க, பக்கத்துத் தோட்டத்துப் பெரியவங்ககிட்ட என்ன பேரு சொல்றாங்கன்னு கேட்டு எழுதிக்குங்க. சுமைதாங்கின்னா அது யாரு நெனவா வெச்சதுங்கற கதை ஊர்ல இருக்கும், மாசமா இருக்கும்போதே செத்துப்போன பொம்பளைங்க நெனவா அதை நட்டு வெக்கறது வழக்கம், அந்தக் குடும்பம் இன்னும் அதே ஊர்லயே இருக்கவும் வாய்ப்பு இருக்குது. அவங்களைத் தேடிப் பிடிச்சுடுங்க. எங்களுக்கு ரெண்டாவது சுமைதாங்கிய நிமித்தறதுக்கு முதல் ஆதரவுக் கடிதம் அப்படி ஒரு குடும்பத்துலருந்துதான் வந்துச்சு, அவங்க பாட்டியோட அம்மாவுக்காக வெச்ச கல்லு அது, அந்தக் கடிதத்தைப் படிச்ச பொறவு எங்களால இந்த வேலையைப் பாதில விடவே முடியலைங்க.

இங்க நடக்கற பெரிய தப்பு, எழுத்து தெரியோணும்னு கல்வெட்டு மேல சுண்ணாம்போ மைதா மாவோ தேய்க்கறது. தேய்க்காதீங்க. ராத்திரி பக்கவாட்டுல டார்ச் அடிச்சாப் போதும், எழுத்து நிழல்ல எந்திரிச்சு நிக்கும். மை தடவி எழுத்தைக் காகிதத்துல பிரதி எடுக்கற மைப்படி வேலை தொல்லியல் துறைக்காரங்களோடது, அவங்களைக் கூப்பிடுங்க.

இன்னொண்ணு. கல்லுல குழி குழியா இருந்தா சேதம்னு எழுதிடாதீங்க. தர்மபுரிப் பக்கம் கெடைச்ச அதியமான் பெருவழிக் கல்லுல, நாவல் தாவளம்ங்கற எடத்துக்கு 29 காதம்னு (காதம்ங்கறது பழைய தூர அளவு) எழுத்துலயும் வெட்டி, எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியட்டும்னு பத்துக்கு ஒண்ணா ரெண்டு பெரிய குழி, ஒண்ணுக்கு ஒண்ணா ஒம்பது சின்னக் குழி போட்டிருக்காங்க. அதைத் தெரியாத மேஸ்திரி ஒருத்தர் கையில குடுத்தா ஒரே மத்தியானத்துல சிமெண்ட் வெச்சு அடைச்சுடுவாரு.

2. ஒவ்வொண்ணும் யாரோட எடம்னு எழுத்துல வாங்குங்க

நிராகரிப்பு அதிகமா வர்றது இங்கதான், அதனால இதை நீட்டியே சொல்றேன்.

ரோடுன்னா ஒரே ஆளோடதுன்னு நெனைக்கறோம். அப்படி இல்லீங்க. தார் ரோடு நெடுஞ்சாலைத் துறையோடதா இருக்கும், இல்ல பஞ்சாயத்து யூனியனோடதா இருக்கும், பக்கத்துல ஒதுங்கின பழைய துண்டு வண்டிப்பாதைப் புறம்போக்கா வருவாய்த் துறை கையில இருக்கும், மண்டபம் கோயில் சொத்தா இருந்தா அறநிலையத் துறை, கெணறு யாரோ ஒருத்தரோட பட்டாவுக்குள்ள. அஞ்சு கல்லுக்கு அஞ்சு சொந்தக்காரங்க. எங்க முதல் விண்ணப்பம் போனதே இதுலதான், மண்டபம் புறம்போக்குல இருக்குன்னு நாங்களா நெனைச்சு எழுதிட்டோம், அது கோயில் பேர்ல இருந்துச்சு, சரிபார்த்த அன்னைக்கே ஃபைலை மூடிட்டாங்க.

செய்ய வேண்டிய முறை இது. முதல்ல விஏஓகிட்ட போயி ஒவ்வொரு எடத்துக்கும் சர்வே நம்பர், உட்பிரிவு நம்பர் வாங்குங்க. அந்த நம்பரை வெச்சு புல வரைபடமும் அ பதிவேட்டு நகலும் எடுங்க, வருவாய்த் துறையோட இ-சேவை தளத்துலயே ரெண்டும் கெடைக்கும். அ பதிவேட்டுல அந்த எடம் என்ன வகைன்னு போட்டிருக்கும், பாதையா, மந்தையா, பட்டாவான்னு அதுலதான் தெரியும். பொறவு தாலுகா சர்வேயருக்கு மனு குடுத்து அளந்து காட்டச் சொல்லுங்க, ஏன்னா வரைபடத்துல ரோட்டுக்குள்ள இருக்கற மண்டபம் நெலத்துல பத்தடி தள்ளி அடுத்தவர் வரப்புக்குள்ள இருக்கும்.

ரோடு எந்த வகைன்னும் தெரியோணும். தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கிய சாலை, மாவட்ட இதர சாலை, யூனியன் ரோடு, ஊராட்சி ரோடுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஆபீஸ் வேற. தப்பான ஆபீசுல மனு குடுத்தா அது மேஜை மேஜையா சுத்தும், ஆறு மாசம் போயிடும். பதிலே வரலைன்னா 10 ரூபாய்ல தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க, 30 நாள்ல பதில் சொல்லியாகோணும். சண்டைக்குப் போற மாதிரி எழுதாதீங்க, "இந்த சர்வே எண்ணில் உள்ள சாலை எந்தத் துறையின் பராமரிப்பில் உள்ளது"ன்னு ஒரே கேள்வி போதும்.

சொந்தக்காரர் யாருன்னு தெரிஞ்சதும் ஆட்சேபனை இல்லைங்கற கடிதம் வாங்குங்க. கடிதத்துல எந்தக் கட்டுமானம், என்ன வேலை, யாரு செய்யறது, முடிஞ்ச பொறவு யாரு பாத்துக்கறதுன்னு நாலும் இருக்கோணும். "பராமரிக்க அனுமதிக்கப்படுகிறது"ன்னு மொட்டையா வாங்கினா நிதி குடுக்கறவங்களோட ஆடிட்டர் திருப்பி அனுப்பிடுவாரு.

தனியார் பட்டாவுக்குள்ள இருக்கறதை முதல் கட்டத்துல சேக்காதீங்கங்கறது என்னோட கருத்து. பொதுப் பணத்தையோ கம்பெனி பணத்தையோ ஒருத்தரோட சொந்தச் சொத்துல போட யாருக்கும் தயக்கம் வரும், அந்தத் தயக்கம் நியாயந்தான். எங்க படிக்கெணத்தை அதனாலயே தனியா ரெண்டாங் கட்டமா வெச்சோம்.

ஊராட்சிக்கு உட்பட்டதா இருந்தா கிராம சபைத் தீர்மானம் ரொம்ப பலம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1ன்னு வருசத்துக்கு ஆறு தடவை கிராம சபை கூடுது. ஒண்ணை விட்டுட்டா அடுத்ததுக்கு மாசக்கணக்குல காத்திருக்கோணும், அதனால தேதியை இப்பவே நோட்டுல எழுதிக்குங்க, பொருளைப் பத்து நாள் முன்னாடியே தலைவர்கிட்டயும் செகரட்டரிகிட்டயும் எழுத்துல குடுத்துடுங்க. தீர்மானம் போட்டாங்கன்னு வாயில சொன்னா ஆகாது, தீர்மான நகல் கையெழுத்து சீலோட வேணும்.

3. தொல்லியல் துறைப் பட்டியல்ல இருக்கான்னு பாருங்க

மத்திய தொல்லியல் துறையோட பாதுகாப்புல இருக்கற சின்னமா இருந்தா நீங்க ஒரு செங்கல்லைக்கூட நகத்தக் கூடாது. அதோட எல்லைலருந்து 100 மீட்டருக்குள்ள புதுசா எதுவும் கட்ட முடியாது, அதுக்கு அப்பால இன்னொரு 200 மீட்டருக்கு, அதாவது 300 மீட்டர் வரைக்கும், அனுமதி வாங்கித்தான் செய்யோணும், 1958ஆம் வருசச் சட்டத்துல 2010ல வந்த திருத்தம் இது. உங்க மண்டபம் பட்டியல்ல இல்லாட்டியும் பக்கத்துல ஒரு பழைய கோயில் பட்டியல்ல இருந்தா இந்த அளவு உங்களையும் பிடிக்கும். மாநிலப் பட்டியல் தனி, அது 1966ஆம் வருச தமிழ்நாட்டுச் சட்டத்துல வருது. ரெண்டையும் பாருங்க.

எந்தப் பட்டியல்லயும் இல்லைன்னா கவலைப்படாதீங்க, ரோட்டோரக் கல்லு பெரும்பாலும் எதுலயும் இருக்காது. ஆனா "பட்டியலில் இல்லை"ங்கறதையும் மண்டலத் தொல்லியல் ஆபீசுலருந்து எழுத்துல வாங்கிக்குங்க. கேட்ட சாக்குல அவங்க ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போனாங்கன்னா அந்தக் குறிப்பு விண்ணப்பத்துக்குப் பெரிய சாட்சி.

பழமைக்கு ஆதாரம் சேக்கறதும் இந்தப் படிலதான். கோயமுத்தூர் சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் பாறைல ராஜகேசரிப் பெருவழின்னு தமிழ்லயும் வட்டெழுத்துலயும் வெட்டியிருக்கற மாதிரி, ரோட்டோட பேரே கல்லுல கெடைக்கறது அபூர்வம். நமக்குக் கெடைக்கறது சின்னச் சின்னச் சாட்சிங்க. பாலக்காட்டு ரோட்டுல கந்தே கவுண்டன் சாவடி, கோயமுத்தூருக்குள்ள சுங்கம், இப்படி ஊர்ப் பேரே சொல்லும். இந்திய சர்வே துறையோட ஒரு மைலுக்கு ஒரு இன்ச் அளவுல போட்ட பழைய வரைபடத்துல உங்க ரோடு எப்படி வளைஞ்சுதுன்னு பாருங்க, புது ரோட்டுக்கும் அதுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சிவப்புக் கோட்டுல போட்டுக் காட்டினா ஒரு பக்கத்துல கேஸ் முடிஞ்சுது.

எந்தக் காலத்து அடையாளத்தைக் காப்பாத்தப் போறீங்கன்னும் முடிவு பண்ணிக்குங்க. அமெரிக்காவுல ரூட் 66ன்னு ஒரு பழைய நெடுஞ்சாலை, அதோட ஓட்டல், பெட்ரோல் பங்க், பெயர்ப் பலகைய எல்லாம் காப்பாத்த 1999ல தனிச் சட்டமே போட்டாங்க, அதுல 1926லருந்து 1970 வரைக்கும்னு காலத்தை வரையறுத்துட்டாங்க. நிதி கேட்டு வந்தா, நீ சொல்ற கட்டடம் இந்தக் காலத்துதான்னு காட்டு, அரசு குடுக்கற அளவுக்கு நீயும் பங்கு போடுன்னு ரெண்டும்தான் முக்கியமாக் கேட்டாங்க. அந்தத் தெளிவு நமக்கும் வேணும். "சேரர் காலம், ரோமானியர் காலம், வெள்ளைக்காரன் காலம்"னு எல்லாத்தையும் ஒட்டுக்கா அடுக்கினா படிக்கறவருக்கு நம்பிக்கை போயிடும். கொடுமணல், கரூர், பாலக்காட்டுக் கணவாய்னு பழைய வணிக வழி நம்ம பக்கம் போனது உண்மைதான், ஆனா உங்க மண்டபம் அந்தக் காலத்துதுன்னு அதை வெச்சு சொல்ல முடியாது.

4. ரோடு அகலப்படுத்தற பிளான் இருக்கான்னு கேளுங்க

நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளர் ஆபீசுல போயி அடுத்த அஞ்சு வருசத்துல அகலப்படுத்தப் போறாங்களான்னு கேளுங்க. நீங்க காப்பாத்தின மைல் கல்லு மறுவருசம் ஜேசிபில போனா பணமும் போச்சு, அடுத்த தடவை உங்களை யாரும் நம்ப மாட்டாங்க. பிளான் இருந்தா அதுலயே ஒரு வரியா இந்தக் கல்லுங்களைச் சேக்கச் சொல்லி மனு குடுங்க, வரைபடம் போடறப்பவே சொன்னா சில அடி தள்ளிப் போட அவங்களுக்கு வாய்ப்பு இருக்குது, டெண்டர் விட்ட பொறவு சொன்னா வழியில்ல.

நகத்தியே ஆகோணும்னா எழுத்துல அனுமதி வாங்கி, பழைய எடத்தோட லொக்கேசனை எழுதி வெச்சு, அதே திசையப் பாத்த மாதிரி நடுங்க. மைல் கல்லு திசை மாறினா அது சொல்ற தகவலே பொய்யாயிடும்.

புளியமரங்களையும் இதே மனுவுல எழுதுங்க. பொது எடத்து மரத்தை வெட்டறதுக்கு மாவட்டப் பசுமைக் குழுவோட ஒப்புதல் வேணும், அவங்களுக்கும் ஒரு நகல் அனுப்பிடுங்க.

5. பணம் வாங்கத் தகுதியான அமைப்பு

ஊர்ப் பொதுக் கணக்குலயோ ஒருத்தரோட சேமிப்புக் கணக்குலயோ நிதி வராது. டிரஸ்ட் பதிவு பண்ணோணும், இல்லாட்டி 1975ஆம் வருச தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டத்துல சங்கமாப் பதியோணும். நோக்கம்னு எழுதற எடத்துல பாரம்பரியச் சின்னம், வரலாற்றுக் கட்டடம் பாதுகாப்புன்னு தெளிவா இருக்கோணும். கல்வி, மருத்துவம், அன்னதானம்னு மட்டும் இருக்கற பழைய டிரஸ்ட் பத்திரத்தை வெச்சுக் கேட்டு மாட்டிக்கிட்டவங்களைப் பாத்திருக்கேன், பத்திரத்தைத் திருத்தறதுக்குள்ள அந்த வருசமே போயிடுச்சு.

அடுத்து பான் கார்டு, தனி பேங்க் கணக்கு, வருமான வரித் துறைல அமைப்புக்கு வரி விலக்கு தர்ற பதிவு (12ஏன்னு சொல்றது), நன்கொடை குடுக்கறவங்களுக்கு வரிச் சலுகை தர்ற பதிவு (80ஜின்னு சொல்றது), தொண்டு அமைப்புகளுக்கு நிதி ஆயோக் குடுக்கற தர்பன் நம்பர், கம்பெனிங்க லாபத்துல ஒரு பங்கை சமூக வேலைக்குச் செலவு பண்ற சிஎஸ்ஆர் பணம்னா அதை வாங்கறதுக்கு சிஎஸ்ஆர்-1 பதிவு. இந்த வரிசைலயே போங்க, 12ஏ, 80ஜி இல்லாம பெரும்பாலும் சிஎஸ்ஆர்-1 நகராது. சிஎஸ்ஆர்-1 இல்லாம 2021 ஏப்ரல் 1லருந்து எந்த அமைப்பும் கம்பெனியோட சிஎஸ்ஆர் வேலையை எடுத்துச் செய்ய முடியாது.

புது டிரஸ்ட்டுக்கு ஒரு முட்டுக்கட்டை இருக்குங்க. கம்பெனி தானே தொடங்காத வெளி அமைப்புன்னா அதே மாதிரி வேலைல மூணு வருச அனுபவம் காட்டோணும். இன்னைக்குப் பதிவு பண்ணிட்டு நாளைக்குக் கேக்க முடியாது. இதுக்கு நேர்மையான வழி, ஏற்கனவே அனுபவம் உள்ள ஒரு அமைப்போட சேர்ந்துக்கறது, அவங்க விண்ணப்பதாரர், நீங்க களத்துல வேலை பாக்கறவங்க. அதுக்கும் எழுத்துல ஒப்பந்தம் போட்டுக்குங்க, யாரு பில் போடறது, யாரு பேரு பலகைல வர்றதுன்னு முன்னாடியே பேசிட்டா மனசு கசக்காது.

வெளிநாட்டுல இருக்கற சொந்தக்காரங்க, தமிழ்ச் சங்கங்க பணம் அனுப்பறோம்னு ஆசையாச் சொல்லுவாங்க. வெளிநாட்டு மூலத்துப் பணத்தை, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துல (எஃப்சிஆர்ஏ) பதிவு இல்லாம ஒத்தை ரூபா வாங்காதீங்க. அந்தப் பதிவுக்கு அமைப்பு மூணு வருசம் நடந்திருக்கோணும், அந்த மூணு வருசத்துல 15 லட்சம் ரூபாய் செலவு பண்ணியிருக்கோணும், பணமும் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச் கணக்குலதான் வந்து இறங்கோணும். பதிவு இருக்கற வேற அமைப்பு வாங்கி உங்களுக்கு மாத்தி விடறதுக்கும் 2020லருந்து வழி கெடையாது.

6. எஸ்டிமேட்டை சரியான ஆள்கிட்ட போடுங்க

எங்களோட ரெண்டாவது நிராகரிப்பு இதுல. தெரிஞ்ச சிவில் இஞ்சினியர் ஒருத்தர் அன்பா எஸ்டிமேட் போட்டுக் குடுத்தாரு, சிமெண்ட் பூச்சு, டைல்ஸ் தரை, எனாமல் பெயிண்ட், சுத்தி கிரில். தொகையெல்லாம் கச்சிதம். பரிசீலனைக் குழுவுல இருந்த பாரம்பரியக் கட்டடக் கலைஞர் முதல் பக்கத்துலயே நிறுத்திட்டாரு, இது பாதுகாப்பு இல்ல, புதுசாக் கட்டறதுன்னு.

அவர் சொன்னது சரி. பழைய கல்லு, செங்கல், சுண்ணாம்புக் காரை எல்லாம் ஈரத்தை இழுத்து வெளிய விடும். சிமெண்ட் பூசினா ஈரம் உள்ள மாட்டிக்கும், உப்புப் பூத்துக் கல்லோட முகமே செதில் செதிலா உதிரும். சிமெண்ட் கல்லைவிட இறுக்கமா நிக்கறதால கட்டடம் அசையறப்ப உடையறது கல்லோட ஓரந்தான். சுண்ணாம்புக் காரைல வெடிப்பு விட்டா காரையை மட்டும் மாத்திக்கலாம்.

அதனால பாரம்பரியக் கட்டட வேலை தெரிஞ்ச ஆர்க்கிடெக்ட் ஒருத்தர்கிட்ட முதல்ல அளவு வரைபடம், பொறவு சேத விவரம், அதுக்குப் பொறவுதான் எஸ்டிமேட். அந்த வரிசை ஏன்னா, எந்தக் கல்லு எவ்வளவு சாஞ்சிருக்குன்னு தெரியாமப் போடற தொகை வெறும் ஊகம்.

எஸ்டிமேட்டுல எல்லாரும் விட்டுடறது எதெதுன்னா: ஆர்க்கிடெக்ட் கட்டணம், சாரம், சுண்ணாம்பை நீத்து ஊற வெக்கற தொட்டி, தண்ணி டேங்கர், காரைல சேக்கற கடுக்காய், கருப்பட்டி, ராத்திரிக் காவல், ஜிஎஸ்டி, ஆடிட் கட்டணம், எதிர்பாராத செலவுக்குன்னு ஒரு பங்கு. தண்ணி டேங்கரை நாங்களே விட்டுட்டோம். சுண்ணாம்பு வேலைக்குப் பூசின பொறவும் நாள்கணக்கா ஈரச் சாக்குப் போட்டு நனைச்சுட்டே இருக்கோணும், எங்க வறண்ட காட்டுல தண்ணி சும்மா கெடைக்காது.

வேலைத் தேதியையும் இப்பவே யோசிங்க. அடைமழைல காரை இறுகாது, ஆடிக் காத்துல ஒரே நாள்ல காஞ்சு வெடிச்சுடும். பாலக்காட்டுக் கணவாய்லருந்து வர்ற அந்தக் காத்து நம்ம பக்கம் எப்படி அடிக்கும்னு சொல்லத் தேவையில்ல. தையும் மாசியும் நல்ல மாசம். சுண்ணாம்பை அதுக்கும் ரெண்டு மூணு வாரம் முன்னாடியே ஊற வெச்சிருக்கோணும்.

7. யாருகிட்ட கேக்கறது, எந்த மாசம் கேக்கறது

இப்பத்தான் பணம். நம்ம பக்கத்துக்கு ஒத்து வர்ற வழி மூணு நாலு இருக்குது.

கம்பெனிங்களோட சிஎஸ்ஆர் பணம் முதல் வழி. முந்தின வருசத்துல நிகர மதிப்பு 500 கோடியோ, விற்றுமுதல் 1,000 கோடியோ, நிகர லாபம் 5 கோடியோ தொட்ட கம்பெனி, மூணு வருசச் சராசரி லாபத்துல 2 சதவீதம் செலவு பண்ணோணும்னு 2013ஆம் வருசக் கம்பெனிச் சட்டத்துல 135ஆம் பிரிவு சொல்லுது. அதோட ஏழாவது அட்டவணைல வரலாற்று முக்கியத்துவம் உள்ள கட்டடம், எடங்களைச் சீரமைக்கறதும் இருக்குது. உங்க கடிதத்துல அந்த அட்டவணை எண்ணை எழுதுங்க, அப்பத்தான் அங்க இருக்கறவங்க தங்களோட குழுவுக்குச் சுலபமா எடுத்துட்டுப் போக முடியும். கம்பெனி தான் இயங்கற பகுதிக்கு முன்னுரிமை குடுக்கோணும்னும் சட்டத்துலயே இருக்குது, அதனால திருப்பூர் பனியன், கோயமுத்தூர் பம்பு, ஃபவுண்டரி, கரூர் ஜவுளி, மில்லுகன்னு உங்க ரோட்டுல லாரி ஓட்டற கம்பெனிங்க பட்டியலை முதல்ல எழுதுங்க. மெட்ராஸ் ஹெட் ஆபீசுக்கு அனுப்பற கடிதத்தைவிட இங்க இருக்கற யூனிட்டுக்கு நேர்ல கொண்டு போறது பலன் தரும்.

மாசம் ரொம்ப முக்கியம். வருசத் திட்டம் பெரும்பாலும் ஏப்ரல், மே, ஜூன்ல முடிவாகும், அதுக்கு முன்னாடி மார்ச்சுலயே உங்க ஒரு பக்கக் குறிப்பு அவங்க மேஜைல இருக்கோணும். டிசம்பர், ஜனவரில செலவாகாத பணம் இருக்குன்னு கூப்பிட்டு, மார்ச் 31க்குள்ள முடிச்சுக் குடுங்கன்னு கேப்பாங்க. ஆசைப்பட்டு ஒத்துக்காதீங்க. சுண்ணாம்பு வேலையை அவசரத்துல முடிக்க முடியாது, கடைசில எவனோ ஒருத்தன் சிமெண்ட் மூட்டையைப் பிரிப்பான். அதுக்குப் பதிலா தொடர் திட்டமா எடுத்துக்கச் சொல்லுங்க, ஆரம்பிச்ச வருசம் போக இன்னும் மூணு வருசம் வரைக்கும் விதில எடம் இருக்குது.

நமக்கு நாமே திட்டம் ரெண்டாவது வழி. மக்கள் பங்குன்னு பொதுவா குறைஞ்சது மூணுல ஒரு பங்கு நீங்க கட்டோணும், மீதி அரசு போடும், மாவட்ட நிர்வாகம் வழியாப் போகோணும். ரோட்டோர ஊருணி, நடைபாதை, ஊர்ப் பொது மண்டபம் மாதிரி பொதுச் சொத்துன்னா இது பொருந்தும். ஆனா வேலையைச் செய்யறது அரசு எஸ்டிமேட் முறைலதான், அதனால கல் வேலைக்குப் பாரம்பரிய முறை எழுதின எஸ்டிமேட்டைச் சேத்துக் குடுத்து முதல்லயே பேசிடுங்க.

மத்திய கலாச்சார அமைச்சகத்துக்குக் கீழ 1996ல தொடங்கின தேசிய கலாச்சார நிதியம் இன்னொண்ணு, அது பெரிய சின்னத்துக்கும் பெரிய நன்கொடையாளருக்கும் பொருத்தம், ஒத்தைச் சுமைதாங்கிக்கு இல்ல. எம்எல்ஏ, எம்பி தொகுதி நிதில சுத்துச்சுவர், விளக்கு மாதிரி கூடுதல் வேலைக்கு முயற்சி பண்ணலாம்.

ஒரே வேலைக்கு ரெண்டு பேர்கிட்ட பணம் வாங்காதீங்க. ரெண்டு பேரு வந்தா ஒருத்தருக்கு மண்டபம், ஒருத்தருக்கு சுமைதாங்கின்னு பிரிச்சு, அதை ரெண்டு பேர்கிட்டயும் வெளிப்படையா எழுதுங்க.

8. விண்ணப்பம் எழுதறது

முதல்ல ஒரே ஒரு பக்கம். எங்க இருக்குது, என்ன ஆபத்து, என்ன செய்யப் போறோம், எவ்வளவு, எத்தனை மாசம், முடிஞ்ச பொறவு யாரு பொறுப்பு. அவங்க கேட்ட பொறவுதான் முழு விண்ணப்பம்.

முழு விண்ணப்பத்துல பெருமை எழுதி பக்கத்தை நிறைக்காதீங்க. படிக்கறவர் தேடறது சேதமும் காரணமும். "மண்டபம் பாழடைந்துள்ளது"ன்னு எழுதினா ஒண்ணும் புரியாது. "வடகிழக்குத் தூண் நாலு அங்குலம் வெளிய சாஞ்சிருக்கு, காரணம் பக்கத்துல அரச மர வேர், இந்த மழைக்குள்ள முட்டுக் குடுக்கலைன்னா மேல் கல்லு இறங்கும்"னு எழுதினா அவசரம் தானாப் புரியும்.

ஊர்க்காரங்க உழைப்பைப் பங்களிப்பாக் காட்டப் போறீங்கன்னா முதல் நாளுலருந்தே வருகைப் பதிவேடு, தேதி, கையெழுத்து, என்ன வேலைன்னு எழுதி வைங்க. பின்னால உக்காந்து ஒரே பேனாவுல எழுதின பதிவேடு பாத்தவுடனே தெரியும், நேர்மையா வேலை செஞ்சவங்களுக்கே அது கெட்ட பேரு.

9. ஒப்புதல் வந்த பொறவு

ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி தவணையப் பாருங்க. வேலை முடிஞ்சாத்தான் முழுப் பணம்னா சின்ன டிரஸ்ட்டால தாங்க முடியாது, முன்தொகையும் ரெண்டு மூணு தவணையும் கேளுங்க. ஒவ்வொரு தவணைக்கும் ஆடிட்டர் கையெழுத்தோட பயன்பாட்டுச் சான்றிதழ் குடுக்கோணும், அது தாமதமானா அடுத்த தவணையும் தாமதம். நன்கொடையாளர் பேர்ப் பலகை எவ்வளவு பெருசு, எங்க வெக்கறதுன்னும் ஒப்பந்தத்துலயே எழுதிடுங்க, கட்டடத்து மேல ஆணி அடிக்கக் கூடாது, தள்ளி நட்டு வெக்கோணும்.

இந்தத் திட்டத்துக்குன்னு தனிக் கணக்குப் புத்தகம் போடுங்க. பெரிய செலவுக்கு மூணு பேர்கிட்ட விலைப்புள்ளி வாங்கி ஃபைல்ல வைங்க, குறைஞ்ச விலைக்காரரை எடுக்கலைன்னா ஏன்னு ஒரு வரி எழுதுங்க. சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனாருக்குக் கூலி ஜாஸ்திதான், அந்தக் காரணத்தை அப்படியே எழுதினா ஆடிட்டர் ஏத்துக்கறாரு.

10. வேலை நடக்கறப்பவும் அதுக்குப் பொறவும்

தொடங்கற அன்னைக்கு அஞ்சாறு எடத்துல தரையில குச்சி அடிச்சு அடையாளம் வைங்க, அங்க நின்னுதான் ஒவ்வொரு வாரமும் போட்டோ எடுக்கோணும். கோணம் மாறினா முன்ன பின்ன ஒப்பிட முடியாது.

எந்தக் கல்லைக் கழட்டினாலும் முன்னாடி நம்பர் போடுங்க, கல்லு மேல பெயிண்ட்ல எழுதாம அட்டை கட்டுங்க. காரையை முதல்ல ஒரு மூலைல ரெண்டடிக்கு மட்டும் பூசி, காஞ்சு வெடிக்குதா பாத்த பொறவு மத்ததுக்குப் போங்க. எங்க கொத்தனார் பெரியவர் அந்த மூலையை தினமும் காலைல கையால தடவிப் பாத்துட்டுத்தான் கரண்டியையே எடுப்பாரு, எட்டாம் நாள்தான் "இனி பூசலாமுங்க"ன்னாரு.

தோண்டறப்ப காசு, சிலை, எழுத்துள்ள கல்லுன்னு எது கெடைச்சாலும் வேலையை நிறுத்திட்டு விஏஓ, தாசில்தாருக்குத் தெரியப்படுத்துங்க. 1878ஆம் வருசப் புதையல் சட்டத்துல மறைச்சு வெக்கறது குத்தம். வேலையாட்களுக்கு இதை முதல் நாளே சொல்லிடுங்க.

முடிஞ்ச பொறவு வருசத்துக்கு ரெண்டு நாள் வேலை இருக்கும். அடைமழைக்கு முன்னாடி புரட்டாசில மண்டபத்து மேல முளைச்ச அரசங்கன்னைப் பிடுங்கோணும், தண்ணி போற தூம்பை அடைப்பு எடுக்கோணும். தை பொறந்ததும் வெடிப்பு விட்டிருக்கான்னு பாத்து சுண்ணாம்புல அடைக்கோணும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கறப்ப ஆர்வத்துல சுமைதாங்கிக்கும் காவியும் எனாமலும் அடிச்சுடுவாங்க, எங்க ஊர்ல முதல் வருசமே நடந்துச்சு. அடிச்ச பையன்க நல்ல மனசோட செஞ்சாங்க, திட்டாம அவனுககிட்டயே அந்த ரெண்டு கல்லையும் பாத்துக்கற பொறுப்பைக் குடுத்துட்டோம். இப்ப புரட்டாசி வேலைக்கு ஏணியோட முதல்ல வந்து நிக்கறது அவனுகதான்.